இந்த வண்டியிலா?

ஐயா,

சேலத்தில் சைக்கிள் நிகழ்ச்சி என்றாலே ஏற்காடு மலைப்பாதை பேச்சுதான். 20 கொண்டை ஊசி வளைவு, உச்சியில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கியர் இல்லாத வண்டிக்காரர் பெயர் கொடுப்பாரா? ஒருமுறை நான் பதியப் போனபோது, "இந்த வண்டியிலா?" என்றார்கள். செவ்வாய்ப்பேட்டைக்கு தினமும் கேரியரில் மூட்டையோடு மிதிப்பவனைப் பார்த்து! பேசாமல் திரும்பிவிட்டேன்.

சரி, மலையேற்றம் அது பாட்டுக்கு நடக்கட்டும். அதே நாளில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை, கடிகாரம் பார்க்காமல், கட்டணம் இல்லாமல் ஒரு சவாரி வையுங்களேன். பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், சேலை கட்டிய அக்காமார்கூட வருவார்கள். பனியனும் பதக்கமும் வேண்டாம். பஞ்சர் ஒட்ட ஓர் ஆள், அடிவாரத்தில் ஆளுக்கொரு டீ போதும். வெயில் ஏறுமுன் 6 மணிக்கே கிளம்பினால் நல்லது.

- ஒரு வாசகர், சேலம்