பொம்மைகளுக்குக் கண்ணாடிக் கதவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய புகைப்படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். கூடத்தில் நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரியின் கீழ்க்கட்டத்தில் பேரன் ஒரு காலை ஊன்றி, மேற்கட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மதுரையில் உன் புத்தக அலமாரிக்குப் போட்டதுபோல இதற்கும் கண்ணாடிக் கதவு போட முடியுமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் இங்கே செய்ததை அங்கே அப்படியே செய்ய முடியாது என்பதால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதலில், கதவைப் பற்றி நினைப்பதற்கு முன்பே, அலமாரியின் தலைப்பகுதியைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டியால் முடுக்கிவிடுங்கள். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை தயங்குவார். நான் வேண்டுமானாலும் அவரிடம் பேசுகிறேன். கதவுகளைத் திறக்கும்போது அவற்றின் எடை முன்பக்கமாக வரும். அந்த நேரத்தில் குழந்தை பிடித்துத் தொங்கினால் அலமாரி முன்னால் சாய்ந்துவிடும். இதைச் செய்யாமல் கதவு போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நம் வீட்டு அலமாரி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தது. கீலுக்கு எங்கே திருகாணி போட்டாலும் கவ்விப் பிடிக்கும். கல்லாக்ஸ் அப்படியில்லை. அதன் பலகைகளுக்குள் பெரும்பகுதி தேன்கூடு போல மடித்த காகிதம்தான். மேலே மெல்லிய தோல் மட்டும் இருப்பதால், திருகாணி சில மாதங்களில் ஆடிக் கழன்றுவிடும். எனவே அலமாரியில் கை வைக்காமல், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நுழையும்படி 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, கதவை அந்தப் பெட்டியில் மாட்ட வேண்டும். கட்டத்தின் உள்ளளவு ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். பெட்டியின் வெளியளவை 328 மில்லிமீட்டராக வைத்தால் உள்ளே 304 மில்லிமீட்டர் கிடைக்கும். அதில் 300 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி நான்கு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உட்காரும். ஒரு தட்டு 13 கிலோ தாங்கும் என்கிறது அதன் குறிப்பு. பெட்டியும் கண்ணாடியும் சேர்ந்தே ஏறக்குறைய 5 கிலோ வந்துவிடும் என்பதால் மீதி 8 கிலோவுக்குள்தான் நீ பொருள் வைக்க முடியும். உன் தடித்த சட்டப் புத்தகங்களுக்கு அது போதாது.

அளவு எடுப்பதில்தான் உனக்கு நான் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் இங்கே நான் பிழை செய்தேன். நம் வீட்டு அலமாரியின் பதினாறு கட்டங்களும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி, மேல் வரிசையின் முதல் கட்டத்தை மட்டும் அளந்து, பதினாறு கண்ணாடிகளுக்கும் அதே அளவைக் கொடுத்துவிட்டேன். "எல்லாம் ஒரே அளவுதானா?" என்று கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு முறை கேட்டார், ஆமாம் என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகங்களைச் சுமந்த மூன்றாம் தட்டு நடுவில் 3 மில்லிமீட்டர் தொய்ந்திருந்ததைக் கதவு மாட்டும் நாளில்தான் கண்டோம். அதற்குக் கீழே இருந்த மூன்று கதவுகள் மேல் விளிம்பில் உரசி நின்றன. நாங்கள் போட்டது டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி. அதை ஒரு நூல்கூடக் குறைக்க முடியாது. சாதாரணக் கண்ணாடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளையிட்டு முடித்த பிறகுதான் உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதன் பிறகு அதில் வெட்டுக்கருவி பட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகச் சிதறும். மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்து வாங்கினோம்.

ஆகவே ஒவ்வொரு பெட்டியும் செய்து, கட்டத்துக்குள் வைத்த பிறகே கண்ணாடிக்கு அளவு எடு. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோல மூன்று இடத்திலும் அள. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவுகள் எடுத்துப் பார். அவை ஒன்றாக இல்லாவிட்டால் பெட்டி கோணியிருக்கிறது, அதைத் தச்சர் முதலில் சரிசெய்ய வேண்டும். எப்போதும் இருப்பதில் குறைந்த அளவையே கணக்கில் கொள்.

கண்ணாடி 5 மில்லிமீட்டர் டஃபன்டாகவே இருக்கட்டும். அது உடைந்தாலும் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். சாதாரணக் கண்ணாடி கத்திபோல நீளமாக உடையும். தவழ்ந்து நிமிரும் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் பணம் மிச்சம் பிடிக்காதே. துளையில்லாமல் கண்ணாடியின் மூலையைக் கவ்வி, ஒரு முளையில் சுழலும் பிவட் கீல்கள் கடைகளில் கிடைக்கின்றன. மேலே ஒன்று, கீழே ஒன்று. கவ்வும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா என்று பார். இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொடக் கூடாது. மூடி நிற்க ஒரு காந்தம் போதும்.

சுற்றிலும் விட்ட இடைவெளியைத் தூசிக்குப் பயந்து அடைத்துவிடாதே. மழைக்காலத்தில் காற்றுப் புகாத அலமாரிக்குள் பூஞ்சை வாடை வரும், அதன் பின்னால் ராமபாணப் பூச்சியும் வரும். அம்மா இங்கே ஒவ்வொரு தட்டிலும் வசம்பைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் நீயும் வை. வெயில் விழும் சுவராக இருந்தால் அலமாரியை நகர்த்திவிடு, கண்ணாடி போட்டாலும் நிறம் வெளுப்பது நிற்காது.

எட்டுக் கட்டங்களுக்கும் கதவு வேண்டாம். கீழ் வரிசையைத் திறந்தே விட்டு, பேரனின் விளையாட்டுச் சாமான்களை அதில் போடு. அவனுக்கு அங்கே உரிமை இருந்தால் மேலே ஏறும் ஆசை குறையும். மேல் வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் கதவு போட்டால் போதும். அப்பத்தா விளாச்சேரியில் வாங்கிச் சேர்த்த மண்பொம்மைகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன. செட்டியார் பொம்மையின் கழுத்தில் சிறு வெடிப்பு இருக்கிறது. மற்றவை முழுசாக இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்து, தூசி தட்டி, உயரத்தை அளந்துவிட்டேன். பெரியது 26 சென்டிமீட்டர், உன் பெட்டிக்குள் நிற்கும்.

அளவுகளைக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. நான் ஒருமுறை பார்த்த பிறகு கடைக்குக் கொடு. கதவு மாட்டும் நாளைச் சொன்னால், பொம்மைகளை வைக்கோல் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறோம்.

அன்புடன்,
அப்பா