சரவணனுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்பு மகன் சரவணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சிங்கப்பூரில் ஒயரிங் வேலைக்கு நீதான் சூப்பர்வைசர் என்று அம்மா உன் படத்தை லயம் முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் படத்தில் உன் புருவமெல்லாம் சாம்பல் தூள். பின்னால் இருப்பது பழைய பியூஸ் போர்டு.

அந்தக் காலத்துப் பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் உள்ளே வெள்ளையாக, நெய்த திரி மாதிரி ஒன்று இருக்கும். தீப்பொறி தாவாமலிருக்க வைத்தது. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. சுரண்டாதே, ஊதாதே. போர்டுக்குப் பின்னால் சாம்பல் நிற அட்டை இருந்தால் துளை போடாதே. சீலிங் சீட்டும் அப்படித்தான். உடையாமல் கிடந்தால் பயமில்லை. டிரில், கிரைண்டர் பட்டால்தான் நார் பறக்கும், கண்ணுக்கும் தெரியாது.

1991 ஜனவரி 1-க்கு முன் கட்டிய கட்டடமென்றால் உடைப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் அது. அந்த ரிப்போர்ட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கு. கேட்டால் கோபிப்பார் என்று சும்மா இருந்துவிடாதே. இருந்தால் எடுப்பதற்கு அனுமதி பெற்ற கண்ட்ராக்டர் வேறு. அவர்கள் முடிக்கும்வரை உன் ஆட்களை ஏணி ஏற்றாதே.

தெரியாமல் உடைத்துவிட்டால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பு. விளக்குமாறு வேண்டாம், சாதாரண வாக்குவமும் வேண்டாம், தூசியைத் திரும்பக் கிளப்பிவிடும். கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் தெளிக்காதே. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நீல மாஸ்க் இதற்கு உதவாது. நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 பில்டர் போட்ட மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது, சந்து வழியே தூசி போகும். தாடியை எடுத்துவிடு.

வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. புருஷன் சட்டையைத் துவைத்தே நோய் வந்த பெண்கள் உண்டு. மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் துணி உதறுவாள்.

போனில் இருமுகிறாய். இந்தத் தூசியின் நோய் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் இந்த இருமல் அதுவாக இருக்காது. வேறு எது என்று நான் கேட்கவில்லை. தூசியோடு சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அதைத் தெரிந்துகொள். கிளினிக்கில் நெஞ்சைக் காட்டும்போது என்ன வேலை செய்கிறாய் என்பதையும் சொல்.

தீபாவளிக்கு வந்தால் சாமி அறைக்கு லைட் போடணுமாம் அம்மாவுக்கு. இங்கேயும் சீலிங் பழைய சீட்டுதான், துளை வேண்டாம். சுவரில் டிரங்கிங், அதுதான் ஒயரை மூடும் குழாய், ஓட்டிக் கொடு. டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லாதே, முதலில் எனக்குப் போன் செய்.

அப்பா