ஒலிப்பதிவைப் போடாமலே ஒருமுறை தேர்வு நடத்திப் பாருங்கள்

சீன உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் காவ்காவ் என்னும் சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதப்போகும் மாணவர்கள் அதுவரை உங்கள் வினாத்தாள்களில்தான் பழகுகிறார்கள். தேசிய ஆங்கில வினாத்தாளின் 150 மதிப்பெண்ணில் கேட்டலுக்கு 30, வாசித்தலுக்கு 50. பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே இருக்கிறது. ஆகவே எங்கள் கோரிக்கை: வினாத்தாளை மாணவர் கையில் கொடுக்கும் முன் அதையே சோதித்துப் பாருங்கள்.

கேட்டலில் 20 வினாக்கள், வினாவுக்கு மூன்று விடைகள், 1.5 மதிப்பெண். எதையும் கேட்காமல் குறித்தாலும் சராசரியாக 10 மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தத் தேர்வை எழுதப்போகாத ஒரு வகுப்பிடம், ஒலிப்பதிவைப் போடாமல் தாளை மட்டும் கொடுங்கள். சராசரி 14, 15 என்று வந்தால், விடைகளே காட்டிக்கொடுக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் சரியான விடை மட்டும் நீளமாக இருக்கும், அல்லது ஏழாம் வினாவின் வாசகம் ஆறாம் வினாவுக்குப் பதில் சொல்லிவிடும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. கேட்டலின் இரண்டாம் பகுதியில், அதாவது முதல் ஐந்து சிறு உரையாடல்களுக்குப் பிறகு வருவதில், வினாக்களை முன்கூட்டிப் படிக்க, வினாவுக்கு 5 விநாடிதான். விடைகள் மூன்றும் முழு வாக்கியங்களாக நீண்டால், காது நன்றாகக் கேட்கிற மாணவரும் மெதுவாகப் படிப்பதால் தோற்பார். விடைகளைச் சில சொற்களுக்குள் அடக்குங்கள். ஒலிப்பதிவில் வந்த சொல்லை எப்போதும் தவறான விடையிலேயே வைக்காதீர்கள். இரண்டு மூன்று தேர்வுகளில் மாணவர்கள் அதைக் கண்டுபிடித்து, காதில் விழுந்த சொல்லை ஒதுக்கியே விடை குறிப்பார்கள். அது ஆங்கிலம் கற்றதாகாது.

செய்திக் கட்டுரையை அப்படியே வாசித்துப் பதிவு செய்வதையும் விட்டுவிடுங்கள். பேச்சில் தயக்கம் உண்டு, திரும்பச் சொல்வது உண்டு. எழுத்துநடையில் அது கிடையாது. முதல் ஐந்து சிறு உரையாடல்களை ஒருமுறை மட்டும், மற்றவற்றை இருமுறை ஒலிக்கவிடுங்கள். பாவம் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் இருமுறை போடும் பள்ளிகள், அவர்களை ஜூன் 8 பிற்பகலில் திணற விடுகின்றன. இடைவெளிகள் ஒலிக்கோப்பிலேயே இருக்கட்டும். ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் போட்டால் அறைக்கு அறை நேரம் மாறும். தேர்வுக்கு முன்பே கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வாசித்தலுக்கும் இதே சோதனைதான்: பத்திகளை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் கொடுங்கள். நான்கு பத்திகளின் 15 வினாக்களில், வினாவுக்கு நான்கு விடைகள் இருப்பதால், குத்துமதிப்பாகக் குறித்தால் சராசரியாக நான்குக்கு மேல் சரியாகக் கூடாது. அறிவியல் பத்திகளில்தான் இது அதிகம் தவறுகிறது. பொது அறிவே விடை தந்துவிடும். சொற்பொருள் வினாவில், கேட்ட சொல்லின் இடத்தைக் கோடாக விட்டுப் படியுங்கள். சூழலிலிருந்து பொருள் ஊகிக்க முடியாவிட்டால் அந்த வினா மனப்பாடத்தைத்தான் சோதிக்கிறது.

தேர்வு முடிந்தபின் மொத்த மதிப்பெண்படி மாணவர்களை வரிசைப்படுத்தி, மேல் 27 விழுக்காட்டையும் கீழ் 27 விழுக்காட்டையும் எடுங்கள். 1000 பேரில் தலா 270. ஒரு வினாவுக்கு மேலே 216 பேரும் (0.8 பங்கு) கீழே 108 பேரும் (0.4 பங்கு) சரியாக எழுதியிருந்தால் வேறுபாடு 0.4, நல்ல வினா. 0.2க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். எதிர்க்குறி வந்தால் மாணவரைக் குறைசொல்லும் முன் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். விடைக்குறிப்பு தவறாக இருக்கும், அல்லது இரண்டு விடைகள் பொருந்தும்.

2018 நவம்பரில் ஜெஜியாங் மாகாணத்தில், ஆங்கிலத் தாள் கடினம் என்று தேர்வுக்குப் பிறகு மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட்டார்கள். எதிர்ப்பு கிளம்ப, அதை ரத்து செய்து மூல மதிப்பெண்ணுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கடினத்தை முன்பே அளந்து பார்க்காவிட்டால் பிறகு நியாயமாகச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்த மாதிரித் தேர்விலிருந்து கேட்டல், வாசித்தல் மதிப்பெண்களைத் தனித்தனியாகவும், ஒவ்வொரு வினாவின் வேறுபாட்டு எண்ணையும் வகுப்பாசிரியர்களுக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலத் தேர்வுப் பணியில் உள்ள ஆசிரியர்கள்