தெரியுது, எறங்கி வாங்க

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று மதியம் ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்றாள். அதைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. இந்த மூன்று வாரமும் விசாரித்துக்கொண்டே இருந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நன்றி.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்து நின்ற அண்ணனின் கேரம் கிளப் தம்பிகளுக்கு. எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன்களுக்கு. ஒருவர்கூட மீட்டரைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் என் பையனைத் தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்த மேல் வீட்டு பாய் குடும்பத்துக்கு. திருவொற்றியூரிலிருந்து தினமும் மெட்ரோவில் இட்லியும் ஃப்ளாஸ்க்கில் கஞ்சியும் கொண்டுவந்த அண்ணிக்கு. என்னிடம் சொல்லாமலே பணம் திரட்டிக் கொடுத்த பள்ளித் தோழிகளுக்கு. தொகையைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், சொல்லவில்லை. மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும். தூங்கி ரொம்ப நாளாகிறது.

சரி, இப்போது அந்த ஒன்று.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய முதல் இரவு. பெண்கள் வார்டு, துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். நான் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். அம்மா கண் விழித்து என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் நிற்கவில்லை. “கதவைத் தொறடி, வெள்ளிக்கிழமை. பசங்க வெளிய நிக்குதுங்க” என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை.

வயதானவர்கள் இரவு பகல் தெரியாத அறையில் நாள் கணக்கில் படுத்திருந்தால் இப்படி மனம் குழம்புவது அடிக்கடி நடப்பதுதான் என்று காலையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். டெலிரியம் என்று பெயர். பெரும்பாலும் மெல்லத் தெளிந்துவிடும், கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பழகிய குரலில் பேசுங்கள், கிழமையைச் சொல்லுங்கள், வாதாடாதீர்கள் என்றார். நான் வாதாடினேன். “அம்மா, இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் படபடப்பு ஏறியது. கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். “புள்ளைங்க நிக்குதுங்கடி, பாட்டு ஆரம்பிச்சிடும்” என்று அழ ஆரம்பித்தாள்.

எந்தப் பிள்ளைகள், என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஏழு குடித்தனம் இருந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் சந்துக்குள் டிவி வர இன்னும் பதினொரு வருடம் ஆனது. 1986இல் துறைமுகத்தில் வந்த போனஸில் அப்பா ஒரு சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார், இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக்கதவு வைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘ஒளியும் ஒலியும்’. மொத்தமே ஐந்தாறு சினிமாப் பாட்டு. அதற்கு அம்மா நாலு மணிக்கே வேலையை முடித்து, கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, தரையைத் துடைத்து, கோரைப்பாய் விரித்துவிடுவாள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள், நடுவில் பெரியவர்கள், வாசற்படியில் ஆண்கள். இடம் இல்லை என்று அம்மா யாரையும் அனுப்பியதே இல்லை. “கொஞ்சம் நெருங்கி உக்காருங்க” என்பாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ‘ராமாயணம்’ வந்த காலத்தில், 1987 ஜனவரியிலிருந்து அடுத்த வருடம் ஜூலை வரை, இன்னும் கூட்டம். இந்தி யாருக்கும் தெரியாது. அம்மாதான் கதை சொல்வாள். ராமானந்த் சாகர் எடுத்தது ஒரு ராமாயணம் என்றால் அம்மா சொன்னது இன்னொன்று. அதில் கைகேயிக்குக்கூட ஒரு நியாயம் இருந்தது. ஷோபனா ரவி செய்தி வாசிக்க வந்தால் பெண்களுக்கு ஒரு தனி விளையாட்டு. கறுப்பு வெள்ளைத் திரையில் அவர் புடவை நிறத்தை ஊகிக்க வேண்டும். மயில் கழுத்து நிறம் என்று ஒருத்தி சொல்வாள், அரக்கு என்று இன்னொருத்தி. யார் சொன்னது சரி என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் பம்படியில் அதையே பேசிக்கொண்டு தண்ணீர் அடிப்பார்கள்.

படம் திடீரென்று மங்கிப் புள்ளி புள்ளியாகும். காற்றடித்திருக்கும், இல்லை காக்கா உட்கார்ந்திருக்கும். அப்பா மாடிக்கு ஓடுவார். சிவானந்தா சாலை தூர்தர்ஷன் இருக்கிற தெற்குப் பக்கமாக ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே மேலேயிருந்து கத்துவார்: “தெரியுதா? இப்ப தெரியுதா?” அண்ணன் படிக்கட்டில் நின்று கேட்டுச் சொல்வான், நான் டிவி முன்னால் நின்று பார்த்துச் சொல்வேன். தெரிந்துவிட்டால் வீடே ஒன்றாகக் கத்தும்: “தெரியுது, எறங்கி வாங்க!”

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அந்த இரவு வார்டில் அம்மா மேலே சீலிங்கைப் பார்த்தாள். “உங்கப்பா மாடியில நிக்கிறாரு. தெரியுதுன்னு கத்துடி. எவ்வளவு நேரம் மேலயே நிப்பாரு?” என்றாள். எனக்கு வாயே வரவில்லை. அப்பா இல்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்?

பக்கத்துப் படுக்கைக்கு அடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா எழுந்து வந்தார். வார்டில் எல்லோரும் அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் என் வயதுதான் இருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சீலிங்கைப் பார்த்து வார்டு முழுக்கக் கேட்காத அளவுக்குக் குரல் கொடுத்தார்: “தெரியுது, எறங்கி வாங்க!”

அப்புறம் அம்மாவிடம் குனிந்து, “கதவ தொறந்துட்டேம்மா. புள்ளைங்க அல்லாம் வந்து குந்திக்கினாங்க. நீ கம்முனு படு” என்றார்.

அம்மாவின் கை தளர்ந்தது. “சின்னதுங்கள முன்னாடி உக்கார வெச்சியா?” என்றாள்.

“வெச்சிட்டேம்மா.”

ஆயாம்மா போய்விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். அம்மா நடுவில் நிறுத்தி, செய்தி வாசிக்கிற அம்மா என்ன கலர் புடவை என்று கேட்டாள். “மாம்பழக் கலரு” என்றார் யோசிக்காமல். அம்மா, “இல்ல, பச்சை” என்றாள். இருவரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நர்ஸ் வந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றார். திருப்பினால் வலிக்கும். அம்மா முகம் சுருங்கி, “பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு” என்று முனகினாள். ஆயாம்மா தோளைத் தாங்கித் திருப்பிக்கொண்டே, அந்தக் காலத்து அறிவிப்பு மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “தடங்கலுக்கு வருந்துகிறோம்.”

அம்மா சிரித்தாள். பதினோரு நாளில் முதல் தடவை. எங்கள் தலைமுறைக்கு அந்த எழுத்து எத்தனை எரிச்சலான எழுத்து! நல்ல கட்டத்தில் படம் நின்று, திரை முழுக்க அது ஒன்றே நிற்கும். அதைக் கேட்டுத்தான் என் அம்மா சிரித்தாள்.

அடுத்த ஐந்து இரவும் அவர் வந்தார். அவர் வேலை தரை துடைப்பது, பெட்பேன் எடுப்பது, துணி மாற்றுவது. என் அம்மாவோடு வெள்ளிக்கிழமை கொண்டாடுவது யாரும் அவருக்குச் சொன்ன வேலை கிடையாது. முதல் நாளுக்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் இல்லை. “பாட்டு முடிஞ்சிதும்மா, புள்ளைங்க ஊட்டுக்குப் போச்சி. இப்ப ராத்திரி, நீ ஆஸ்பத்திரில கீற. விடிஞ்சா வியாழக்கெழம” என்று மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்துவார். நான் சொன்னபோது ஏறாதது அவர் சொன்னபோது ஏறியது. ஐந்தாம் நாள் காலை அம்மா என்னைப் பார்த்து, “ஏண்டி இப்படி எளைச்சிட்ட?” என்று கேட்டாள்.

ஒரு நாள் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. “டீயும் பன்னும் வாங்கிக் குடு, போதும்” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று சாப்பிட்டோம். ஏன் இவ்வளவு செய்தீர்கள் அக்கா என்று கேட்டேன். அவர் காசிமேட்டுக்காரர். அவர் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி இருந்ததாம். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்களாம்.

“ஒரு நாளு ஜன்னல சாத்திட்டாங்க. அப்புறம் பாட்டு மட்டும் கேட்டுக்கினு நிப்போம். உங்கம்மா இந்த நெலமையிலயும் கதவத் தொற, புள்ளைங்க நிக்குதுன்னு அழுவுது. அத்தக் கேட்டுக்கினு எப்டி கம்முனு போறது?”

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டு டிவியை எங்களால் காலை நீட்டிப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டாள். நான் கதவைத் தாழ் போட்டேன். அடுத்த சந்துப் பெண், என் வகுப்புதான், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தட்டினாள். “டிவி ரிப்பேர்” என்றேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டு, தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். அம்மா வந்ததும் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. அந்த ராத்திரியே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தாள். அவள் அதற்கப்புறம் வரவே இல்லை. நாற்பது வருடம் ஆகப் போகிறது. நீ இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. அன்றைக்கு டிவி நன்றாகத்தான் இருந்தது.

1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. கேபிள் வந்தது. ஒவ்வொரு வீடாக டிவி வந்தது, எங்கள் வீட்டுக் கோரைப்பாய் பரணுக்குப் போனது. ‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில் வேலை முடிந்து சந்துக்குள் நடந்து வந்தால் ஒரு வரி விட்டுப்போகாமல் பாட்டு வீட்டுக்கு வீடு கேட்கும், ஆனால் ஒரு வீட்டிலும் கூட்டம் இருக்காது. எல்லோர் வீட்டிலும் டிவி இருப்பது நல்லதுதான், இனி யாரும் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. 2020 ஊரடங்கில் ‘ராமாயணம்’ மறுபடி போட்டபோது என் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே கதையை, அதே கைகேயி நியாயத்தோடு சொன்னாள். நான் அடுத்த அறையில் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போய் உட்கார்ந்திருக்கலாம்.

ஆயாம்மா அக்கா பெயரை இங்கே போடவில்லை. ஒப்பந்த வேலை, பேரைப் போட்டால் ஏதாவது கேள்வி வரும் என்றார். அவருக்கு என் நன்றி. உங்கள் பிள்ளை இதைப் படித்துக் காட்டுவான் என்று நம்புகிறேன். அம்மா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னாள், ஜன்னல் பக்கம் நிற்காமல் உள்ளே வரச் சொன்னாள்.

மற்ற எல்லோருக்கும்: வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல் அம்மாவைப் பார்க்க வரலாம். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்றார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை. பரணிலிருந்து பாயை இறக்கிக் காய வைத்திருக்கிறேன். படிக்கட்டில் இரண்டாவது பல்பு எரியாது, பார்த்து ஏறுங்கள். கதவு தாழ் போட்டிருக்காது.