ரங்கூன் சிவப்பு

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இந்த வாரம் குறைந்திருக்கிறது.

சென்ற ஞாயிறு தொலைபேசியில் நீ ஒன்று கேட்டாய். "இவ்வளவு பாடுபட்டு அந்தப் பழைய எஞ்சினைச் சரிசெய்வதற்கு, அதைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்திவிட்டால் என்னப்பா?" கலிபோர்னியாவில் நாள் முழுவதும் மின்மோட்டாரோடு பழகுகிறவள் நீ, உனக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. நான்கு நாள் யோசித்துவிட்டு இப்போது கராஜில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் எதிரே நிற்கிறது.

நீ கடைசியாகப் பார்த்தபோது அது கறுப்பு நிறத்தில், நான்கு சக்கரமும் இல்லாமல் கட்டைகள்மேல் கிடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பில் ரிவெட் அடித்த சிறு தகடு ஒன்று இருக்கும். அன்று அதன்மேலும் யாரோ கறுப்பு அடித்திருந்தார்கள். பழைய பல்துலக்கியையும் தின்னரையும் வைத்து அதை நான் துடைத்தெடுத்தேன். வரிசை எண்ணின் முதல் எழுத்துகள் தெரிந்தன. 5 என்றால் 1965. எஃப் என்றால் டெட்ராய்டுக்குப் பக்கத்தில் டியர்பார்னில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலை. சி என்றால் 289 கன அங்குல வி-8 எஞ்சின், 200 குதிரைத்திறன். அதற்கு மேல் வரிசையில் 18ஈ: மே 18இல் கட்டி முடிக்கத் திட்டமிட்ட வண்டி. அதற்கும் முன்னால் நிறத்துக்கான எழுத்து, ஜே. புத்தகத்தைப் புரட்டினேன். ஜே என்றால் ரங்கூன் ரெட்.

அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்தேன். உன் தாத்தா பிறந்த ஊர் ரங்கூன். 1942இல் பன்னிரண்டு வயதுப் பையனாக, தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மலையும் காடுமாக நடந்து வந்தவர் அவர். அந்த ஊரைப் பற்றி வாய் திறந்தால் வேறு எதையும் பேசமாட்டார். டெட்ராய்டில் ஒரு நிறத்துக்கு அந்தப் பெயரை எதற்காக வைத்தார்கள் என்பது எனக்குப் பொருட்டில்லை. உப்புத்தாளால் கறுப்பைத் தேய்க்கத் தேய்க்க, அடியில் ஒரு பழுப்பு, அதற்கும் அடியில் அந்தச் சிவப்பு எட்டிப்பார்த்தது. நீலம் அடிக்கலாம் என்று நீ சொன்னதை நான் ஏன் கேட்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த வண்டிக்கு எமன் தண்ணீர்தான். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகுவதற்கு வரிசையாகத் துளைகள் வைத்திருக்கிறார்கள். மழைநீரும் அதன் வழியே உள்ளே போகும். பக்கவாட்டில் வடிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளேயே தேங்கி, காற்றுக்குழாயின் அடிவட்டத்தை அரித்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு மழையும் இருக்கைக்கு முன்னால் இருக்கும் தரையில்தான் இறங்கும். நான் டார்ச்சோடு டாஷ்போர்டின் அடியில் மல்லாந்து படுத்துக்கொள்ள, அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துத் துளைகளில் மெதுவாக ஊற்றினாள். பத்து எண்ணுவதற்குள் என் நெற்றியில் சொட்டியது. மஸ்டாங் வாங்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மேல்பூச்சைப் பார்க்காதீர்கள், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அந்தப் பகுதி இரட்டைத் தகடு. பொட்டுப் பொட்டாக வைத்த வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுத்தான் பிரிக்க முடியும். ஒரு குளிர்காலம் முழுவதும் அதற்கே போனது. தரைத்தகடு மாற்றும்போது ஒரு தவறும் செய்தேன். இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். தரையை அறுப்பதற்கு முன் கதவு வாயில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். உடல் சற்றே தொய்ந்து, வலப்பக்கக் கதவு சாத்தவே மறுத்தது. வெட்டிப் பொருத்திய தகட்டையெல்லாம் மறுபடியும் பிரித்து, ஜாக்கி கொடுத்து நிமிர்த்த மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அசல் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். பிரேக்கை மாற்றிவிட்டேன். 1965இல், பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரண்டு அறை வைத்தார்கள். நானும் இரண்டறை சிலிண்டரைப் போட்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தேன். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் மாட்டினேன். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமைக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

எஞ்சின் அப்படியல்ல, கயல். பானெட்டைத் திறந்தால் என்ன நடக்கிறது என்பது முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த வரிசையில் சிலிண்டர்கள் வெடிக்கும் என்பதை, 1-5-4-2-6-3-7-8 என்று, சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் பிரிந்து போகும் மேனிபோல்டின் வார்ப்பிலேயே பொறித்திருக்கிறார்கள். பின்னால் பழுதுபார்க்க வரப்போகும், முகம் தெரியாத ஒருவனுக்காக அதைப் பொறித்து வைத்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஒருவன் இப்போது நான். கார்புரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துவாரமாக ஊதி, மிதவையின் உயரத்தைச் சரிபார்த்து முதன்முறை சாவியைத் திருப்பியபோது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அந்த அதிர்வு கராஜின் சிமெண்ட் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் அழுக்கைச் சுரண்டியபோது மஞ்சள் மெழுகுக்கோலால் போட்ட ஒரு கிறுக்கல் தெரிந்தது. வண்டி வரிசையில் நகர்ந்து வரும்போது, பார்த்தாயிற்று என்பதற்குத் தொழிலாளி ஒருவர் போட்ட அடையாளம். அவசரமாக, சாய்வாக, கடைசியில் ஒரு சுழி. அதன்மேல் நிறம் அடிக்கவில்லை. தெளிவான வார்னிஷ் மட்டும் பூசி விட்டிருக்கிறேன். டியர்பார்னின் அந்தத் தொழிற்சாலையில் கடைசி மஸ்டாங் 2004 மே 10 அன்று வெளியே வந்தது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. அந்தச் சுழியைப் போட்ட கைக்கு உரியவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ, அவர் சரிபார்த்துவிட்ட எஞ்சினை எடுத்தெறிய என் கை வரவில்லை. நீ உன் மோட்டாரை ஒரு புதிய வண்டிக்குச் செய். முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம். சின்ன வயதில் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற கார்களின் நிறங்களை எண்ணிக்கொண்டிருப்பாய். எந்த ஆண்டும் சிவப்புதான் ஜெயிக்க வேண்டும் உனக்கு. இந்த முறை நாம் சாலைக்குள் இருப்போம். அம்மா பின்னிருக்கையில் உட்காருவதாகச் சொல்லிவிட்டாள். முன்னிருக்கை உனக்கு.

டிக்கெட் போட்டதும் சொல். விமான நிலையத்துக்கு இந்தக் காரிலேயே வருகிறேன். ஏசி கிடையாது, மெல்லிய பருத்தி உடையாக எடுத்து வா. பெட்டி சிறியதாக இருக்கட்டும். டிக்கியில் உபரிச் சக்கரம் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அன்புடன்,
அப்பா