யாருடைய வருமானம்?

ஆசிரியருக்கு,

முதியோர் உதவித்தொகைக்கு வருமான வரம்பு வேண்டுமா என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். வசதி உள்ளவர்களுக்கு உதவித்தொகை வேண்டாம், சரி. ஆனால் பார்க்க வேண்டியது அந்த முதியவர் கைக்கு வரும் பணத்தை. பட்டாவையோ பிள்ளையின் சம்பளத்தையோ அல்ல. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் ஓர் அம்மையாரின் பெயரில் மேட்டாங்காட்டு நிலம் இருக்கிறது, மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். போர்வெல் வற்றிப்போன காட்டில் வெள்ளாமை ஏது? மகனுக்கோ வாடகை போக மிஞ்சுவதே கொஞ்சம்.

2024இல் மத்திய அரசு 70 வயது நிரம்பியவர்களுக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டை வருமானம் பார்க்காமலே அறிவித்தது. மாநில அரசு 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்திய உதவித்தொகையையும், அரசு ஓய்வூதியம் வாங்காத, வருமான வரி கட்டாத 70 வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் கொடுக்கலாம்.