புளியங்கொட்டை போட்டு எங்களை எடைபோட்ட ஊருக்கு

அன்புள்ள ஊராருக்கு,

வணக்கம். இன்று செப்டம்பர் 24, மாணவர்கள் ஊர்ச்சேவை செய்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் (NSS) நாள். காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு திட்டம் தொடங்கிய கதையைக் காலையில் கல்லூரி மேடையில் ஒப்பித்துவிட்டு வந்தேன். கைதட்டினார்கள். ஆனால் எனக்கு உங்கள் ஊர் வேப்பமரத்தடிதான் ஞாபகத்தில் இருந்தது. அதனால் இந்த மடல்.

பிப்ரவரியில் 50 பிள்ளைகளோடு முகாமுக்கு வந்து உங்கள் ஊரில் ஏழு நாள் தங்கினோம். கிளம்பும் அன்று "எங்க வேலை எப்படி?" என்று கேட்டோம். "நல்லாப் பண்ணீக" என்றீர்கள். ஒரு வாரம் உங்கள் கூடவே சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகளிடம் வேறென்ன சொல்வீர்கள்? அதையே அறிக்கையில் எழுதி, புகைப்படங்களை ஒட்டி அனுப்பிவிட்டேன். எங்கள் கணக்கு மணிக்கணக்கு. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, இரண்டாண்டில் 240, அதோடு ஒரு முகாம் முடித்தால் சான்றிதழ் வந்துவிடும். அந்த மணி நேரத்தில் ஊருக்கு என்ன கிடைத்தது என்று எழுத எங்கள் படிவத்தில் நான் கட்டம் எதையும் பார்த்ததில்லை.

ஜூலையில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், நாம வச்ச கன்னு இருக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று ஆகஸ்டில் திரும்பி வந்தோம்.

பள்ளி வகுப்பறைகளை மறுபடியும் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், மதியச் சோறு போட்ட ஊராட்சித் தலைவருக்கும் முதல் நன்றி. ஆனால் பெரிய நன்றி, அன்று தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவர்களுக்கு.

கோலமாவில் ஐந்து கட்டம் போட்டோம்: மரக்கன்று, கண்மாய் வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் வெட்டியது, பள்ளிச் சுவர் ஓவியம், மருத்துவ முகாம், மாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது உபயோகமாக இருந்ததோ அதில் கூடுதலாக வைக்கலாம். முதல் சுற்றில் பெரியவர் ஒருவர் கால்வாயில் கொட்டையை வைத்தார், எல்லாரும் அங்கேயே வைத்தார்கள். அப்போது மகளிர் குழுத் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆம்பளைகளை அந்தப் பக்கம் அனுப்பிட்டுக் கேளுங்க மேடம்" என்றார். முப்பது வருடம் பாடம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை.

இரண்டாவது சுற்றில் எல்லாம் மாறிப்போனது. ஓவியத்தில் ஒரே ஒரு கொட்டை; அதுவும் அதை வரைந்த பையனைப் பார்த்துப் பாவப்பட்டு வைத்தது என்று நினைக்கிறேன். ஓர் அப்பத்தா கொட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மனு எழுதிக் குடுத்தீகளே, அதை எங்க காணோம்?" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: முகாம் நாட்களில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாணவிகள் திண்ணையில் உட்கார்ந்து முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நாட்குறிப்பில்கூட அது இல்லை. பூஜ்யம் மணி நேரம். அப்பத்தாவே கரித்துண்டால் ஆறாவது கட்டம் போட்டார். கடைசியில் அதில்தான் கொட்டை குவிந்தது. மூன்று பேருக்குப் பணம் வரத் தொடங்கிவிட்டது என்று சொன்னபோது அந்தப் பிள்ளைகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தண்ணீர் திறந்துவிடும் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "நீங்க இருந்த ஏழு நாளும் கீழத்தெருவுக்குத் தண்ணி ஏறல மேடம், தொட்டி உங்களுக்கே காலியாயிருச்சு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐம்பது பேர் குளித்தால் தொட்டி என்னவாகும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கீழத்தெரு அம்மாக்கள் குடத்தோடு அலைந்த வாரத்தில், நாங்கள் பள்ளியில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம்.

கால்வாயைச் சுற்றிக் காட்டிய விவசாயி ஐயாவுக்கும் நன்றி. அங்கே கருவேலம் இடுப்பளவு தழைத்து நின்றது. "தூரோட தோண்டாம மேலே வெட்டுனா நாலு கிளை எட்டாத்தான் வரும்" என்றார். நான் தாவரவியல் ஆசிரியை. சீமைக்கருவேலம் வெட்டிய அடியிலிருந்தே துளிர்க்கும் என்று வகுப்பில் சொல்கிறவள். இதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. கன்றுகளும் அப்படித்தான். ஐப்பசி மழைக்கு வைக்க வேண்டியதை வெயில் ஏறும் மாசியில் வைத்தால் என்னாகும்? வெயில் விட்டதை ஆடு மேய்ந்துவிட்டது. பிழைத்த நாலைந்தும் கோயில் பூசாரி தினம் குடத்தில் ஊற்றியதால் பிழைத்தவை. அவருக்கும் என் கும்பிடு.

பிள்ளைகளிடம் முகாம் முடிந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். பாதிப்பேர் 'ஏழை மக்களுக்கு உதவியதில் மகிழ்ச்சி' என்று எழுதினார்கள். ஆகஸ்டில் மறுபடி எழுதச் சொன்னேன். அதே பிள்ளைகள் கண்மாய்க்கு ஏன் தண்ணீர் வரவில்லை, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று எழுதினார்கள். இரண்டு தாளையும் சேர்த்தே பைலில் வைத்திருக்கிறேன். அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்த முகாம் நாளை நீங்களே குறித்துச் சொல்லுங்கள், அறுப்பு முடிந்த பிறகானாலும் சரி. குளிக்கத் தண்ணீர் லாரிக்கு நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம். கடப்பாரையும் கொண்டுவருகிறோம். மகளிர் குழு கொடுத்த புளியங்கொட்டைப் பையைத் திருப்பித் தர மறந்து எடுத்து வந்துவிட்டோம். அதுவும் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
திட்ட அலுவலர், 50 மாணவர்கள் சார்பில்